முதல் கோரிக்கையில் இடப்பக்கம்

எங்கள் வீட்டு அடிபம்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. முதலில் நாம் அதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அப்புறம்தான் அது நமக்குக் கொடுக்கும். ராத்திரி முழுக்கச் சும்மா நின்றால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும். அந்த நிலையில் எவ்வளவு அடித்தாலும் இருமல்காரர் தொண்டையைச் செருமுகிற சத்தம்தான் வரும். தலையில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி வாஷர் ஊறி இறுகினால்தான் பூமிக்குள் இருப்பது மேலே ஏறும். எண்பதுகளில் மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே கதை. அதனால் யாரும் சொல்லித் தராமலே ஒரு வழக்கம் வந்திருந்தது. கடைசியாக அடிப்பவர் ஒரு சொம்பு நிறையப் பிடித்து பம்பு மேடையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

எங்கள் வீட்டில் கடைசியாக அடிப்பவன் நான். சொம்பை ஒழுங்காக வைப்பேன். அதில் காக்கை குளித்துவிட்டுப் போகும். காக்கை வராத நாளில் காலையில் அரைத் தூக்கத்தில் நானே எடுத்து வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவேன். அப்புறம் காலிச் சொம்போடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நிற்பேன்.

"இன்னா சார், தண்ணி எடுக்கத் தண்ணியா?" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "உங்க வூட்டுக் காக்காவுக்குத் தனியா ஒரு சொம்பு வெச்சிடுங்களேன்."

"வெச்சேன் சார். அது என் சொம்புதான் வேணும்கிறது."

இந்தக் கூத்தையெல்லாம் கொல்லைப்புற வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என் மனைவி. அவள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். நான் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. கல்யாணத்தின்போது எங்கள் வீட்டுக்கு வந்த சீர்வரிசையில் மூளையும் ஒரு அயிட்டம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வது உண்டு. அதற்கு அவள் சிரிப்பாள். அந்தக் காலத்தில் என் எல்லா ஜோக்குக்கும் சிரித்தாள்.

அவள் இடதுகைக்காரி.

சாப்பாடு மட்டும் வலது கை. சின்ன வயதில் அடித்து மாற்றியிருந்தார்கள். மற்றபடி எழுதுவது, காய் நறுக்குவது, கோலம் போடுவது, கரும்பலகையில் இதயத்தின் படம் வரைவது எல்லாமே இடதுதான். நான் பெண் பார்க்கப் போன அன்று காபி டம்ளரை இடது கையால் நீட்டினாள். பின்னால் நின்ற அவளுடைய அம்மா இடுப்பில் கிள்ளினார். பதறிப்போய்க் கை மாற்றினாள்; பாதிக் காபி என் பேண்ட்டில். "எந்தக் கையா இருந்தா என்ன, சூடா இருக்கு" என்றேன், தொடையைத் தட்டிக்கொண்டே. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்னைக் கட்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னாள். என் முகத்துக்காக இருக்கும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஊருக்கு அந்த வாக்கியம் தெரியாது. மளிகைக் கடையில் காலையில் இடது கையால் ரூபாயை நீட்டினால், "போணி நேரம் டீச்சர், அந்தக் கையால குடுங்க" என்பார்கள். கோயிலில் குங்குமத்துக்குக் கை நீட்டினால் குருக்கள் கொடுக்காமல் அப்படியே நிற்பார், அவளாகப் புரிந்துகொள்ளும்வரை. "டீச்சரைப் பார்த்து எம் பொண்ணும் லெஃப்ட்ல எழுதறா" என்று ஒரு அம்மாள் தலைமை ஆசிரியையிடம் புகார் கொடுத்தார். என் அம்மா நல்லவர்தான். ஆனால் வீட்டுக்கு யாராவது சாப்பிட வந்தால், "நீ உள்ளே இரும்மா, நான் பரிமாறிக்கிறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொள்வார். இவள் எதற்கும் பதில் பேசியதில்லை. டக்கென்று கையை மாற்றிக்கொள்வாள். அந்த மாற்றத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் பெரியவருக்கு எழுந்து இடம் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

ஒரு கோடை விடுமுறையில் அவள் பம்பின் பக்கம் போய் உட்கார்ந்தாள். தகர டப்பா, சைக்கிள் டியூப், பேனா ஸ்பிரிங் என்று வீட்டிலிருந்த சாமான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயிற்று. என் பேனாவும் ஸ்பிரிங் இல்லாமல் ஆபீஸுக்கு வந்தது. விடுமுறை முடிவதற்குள் பம்பின் தலையில், ஒரு ஓரமாக, மூடி போட்ட கிண்ணம் ஒன்று முளைத்திருந்தது. நாம் அடிக்கிற தண்ணீரில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாக அதற்குள் போய்த் தங்கும். மறுநாள் காலை ஒரு குமிழை அழுத்தினால் அந்தத் தண்ணீர் நேரே வாஷர் மேல் இறங்கும். அவ்வளவுதான். சொம்பு வேண்டாம், காக்கை வேண்டாம், பக்கத்து வீட்டு வாசலில் நான் நிற்கவும் வேண்டாம்.

முதல் நாள் நான்தான் அடித்துப் பார்த்தேன். வழக்கம்போல வலப்பக்கம் நின்றேன். குமிழ் எட்டவில்லை.

"இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

இடப்பக்கம் போய் நின்றேன். குடத்தைப் பிடிக்க வேண்டிய தண்ணீர் மூக்கு என் வலது கைப் பக்கம் வந்தது, குமிழும் அதே கைக்கு. பம்பின் கைப்பிடி இடது கைக்குப் போயிற்று. இடது கையால் அடித்தேன். கோழி பறக்கப் பார்ப்பது மாதிரி இருந்ததாம். வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"கிண்ணத்தை அந்தப் பக்கம் மாத்திடேன்டி. மனுஷனுக்கு வசதியா இருக்கும்."

"இது மனுஷிக்குச் செஞ்சது. ஒரு நாளாவது இந்தத் தாம்பரம் மொத்தமும் இடது கையால தண்ணி அடிக்கணும். மளிகைக் கடைக்காரர், குருக்கள், அந்த அம்மா, எல்லாரும்."

"சாயங்காலம் ஆனா பாதி ஊர் அடிச்சுக்கிட்டுதான் இருக்கு."

"நான் குடிதண்ணியைச் சொல்றேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கு உலகத்திடம் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். ஒரே ஒரு சாமான், அவள் கைக்கு ஏற்ற பக்கத்தில்.

பேட்டண்ட் வாங்கலாம் என்று சொன்னது அவள் பள்ளிக்கூடத்து பௌதிக டீச்சர். மின்சார ரயிலில் கடற்கரை ஸ்டேஷன் வரை போய் பாரிமுனையில் ஒரு மாடிப்படி ஏறினோம். மேலே ஒரு பேட்டண்ட் ஏஜெண்ட் இருந்தார். பென்சிலை பிளேடால் சீவிக்கொண்டே பேசுவார். எழுதுவதைவிட அடிப்பதற்குத்தான் அந்தப் பென்சில் அதிகம் பயன்பட்டது. என் மனைவி எழுதிக்கொண்டு போயிருந்த விளக்கத்தைப் பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"இதெல்லாம் கதை. எவ்வளவு வேணா சொல்லலாம். கடைசில வர்ற கோரிக்கைதான் பத்திரம். அதுல இருக்கிறதுதான் உங்களது. கதைல இருந்து கோரிக்கைல இல்லேன்னா, அதை ஊருக்குத் தானம் பண்ணிட்டீங்கன்னு அர்த்தம்."

பத்திரம் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்போதுதான் முடிச்சூரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். நெல் அறுத்த தாள்கூடக் காயாத நிலத்தில் கல் நட்டுக் கொடுத்திருந்தார்கள். வடக்கே இன்னார் மனை, தெற்கே இருபதடி ரோடு என்று செக்குபந்தி எழுதி முடிப்பதற்குள் பத்திரம் எழுதுபவர் இரண்டு வெற்றிலை போட்டிருந்தார். "தெரியும் சார். எவ்வளவுக்கெவ்வளவு விவரமா எழுதறோமோ அவ்வளவுக்கவ்வளவு பத்திரம்" என்றேன், அனுபவஸ்தனாக.

"இங்க அப்படியே தலைகீழ் சார்" என்றார். "இங்க ஒவ்வொரு வார்த்தையும் ஒரு சுவர். வார்த்தை கூடக் கூட மனை சுருங்கும். மூடி போட்ட அடுக்குப் பாத்திரம்னு எழுதினா எல்லா டிபன் கேரியரும் உள்ளே வரும். எவர்சில்வர்னு ஒரு வார்த்தை சேர்த்தீங்க, பித்தளைல செஞ்சவன் வெளியே போயிட்டான். நீங்க கேட்க முடியாது."

"அப்போ வார்த்தையே போடாம விட்டுட்டா?"

"ஊர் மொத்தமும் உள்ளே வந்துடும். பம்பு மேல சொம்பைக் கட்டித் தொங்கவிட்டவன் உங்க தாத்தா காலத்துலயே ஒருத்தன் இருந்திருப்பான். அவனும் உள்ளே வந்தான்னா, இது புதுசே இல்லைன்னு மொத்தத்தையும் அடிச்சுடுவாங்க. அதனால, எது இல்லாம இது நடக்காதோ அதை மட்டும் சொல்லணும். அதுவும் ஒரே வாக்கியத்துல. எவ்வளவு நீளமானாலும் நடுவுல முற்றுப்புள்ளி கிடையாது."

"எங்க மேனேஜர் திட்டற மாதிரி."

அவர் சிரித்தார். பிறகு எழுத ஆரம்பித்தார். அல்லது அடிக்க ஆரம்பித்தார். தகரம் போயிற்று, ஸ்பிரிங் போயிற்று, சைக்கிள் டியூப் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார், அவளும் தலையாட்டினாள். நல்ல மாணவி. கடைசியில் பென்சில் 'இடப்பக்கம்' என்ற வார்த்தையில் வந்து நின்றது.

"இது வேண்டாம்மா. எந்தப் பக்கம் இருந்தாலும் வேலை செய்யும் இல்லையா?"

"செய்யும். ஆனா இடப்பக்கம்தான்."

"இருக்கட்டும். முதல் கோரிக்கைல பொதுவா எழுதிடுவோம், அதுதான் பெரிய வேலி. அதுக்கு உள்ளே ரெண்டாவது கோரிக்கைல, இடப்பக்கம் பொருத்தின கிண்ணம்னு தனியாச் சொல்லிடலாம். வழக்கமா அப்படித்தான் செய்வோம். உங்களுக்கு ரெண்டும் கிடைக்கும்."

கீழே தெருவில் கைவண்டிக்காரர் யாரையோ பரம்பரையோடு சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போனாலும் என் கையை ரெண்டாவதாதான் வைப்பீங்களா சார்?" என்றாள்.

அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கணவன் நான், எடுத்துச் சொல்ல வேண்டிய இடம். அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்திருந்தது. முடிச்சூரில் மனை வைத்திருப்பவனுக்கு வேலி புரியாமல் போகுமா? ஆனால் அவள் தன் கைக்காக ஒருவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "முதல்லயே போட்டுடுங்க சார்" என்றேன். இன்றைக்கு அதே நாற்காலியில் உட்காரவைத்தாலும் அதையேதான் சொல்வேன். குமாஸ்தா புத்தி அவ்வளவுதான் என்று நீங்கள் முடிவு கட்டிக்கொள்ளலாம்.

அவர் இன்னொரு தடவை எச்சரித்தார். எச்சரித்ததாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அவள் இடது கையால் போட்டாள்.

பேட்டண்ட் வருவதற்குள் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். வந்த அன்று தெருவுக்கே கேசரி. பரிமாறியது அவள்தான். என் அம்மா கரண்டியைக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் பம்பின் இடப்பக்கம் நின்று அடித்துப் பார்த்து, "கை வலிக்குது டீச்சர், ஆனா தண்ணி சோக்கா வருது" என்றார். அவர் வீட்டுப் பம்புக்கும் ஒரு கிண்ணம் வைத்துக் கொடுத்தாள். குருக்கள் வீட்டுக்கும் வைத்தாள். அந்த வீட்டுக் கொல்லையில் குருக்கள் இடது கையால் அடிப்பதை மதில் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதைவிடச் சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் பொழிச்சலூரிலிருந்து ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். பம்பு செய்கிற பட்டறை வைத்திருப்பவர். மரியாதையானவர். செருப்பை வாசலிலேயே விட்டார்.

"இன்னாக்கா, சூப்பரா கீதே!" என்று பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். "நம்ம பட்டறையிலயே வார்த்துக் குடுத்துடலாம். ஒரே ஒரு விசயம்க்கா. இத்த இந்தாண்ட மாத்திக்கலாமா? கஸ்டமர் பேஜார் பண்ணுவான்."

"மாத்த முடியாது" என்றாள்.

"சும்மா கேட்டேன்க்கா." காபி குடித்தார். பேட்டண்ட் தாளைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவள் பெருமையாக எடுத்துக் காட்டினாள். காட்டாவிட்டாலும் ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் போய்ப் படித்துக்கொள்ளலாம் என்பதுதான் அதன் ஏற்பாடே. கடைசிப் பக்கத்தை மெதுவாக, உதடு அசையப் படித்தார். "யோசிச்சுச் சொல்றேன்க்கா" என்று ஸ்கூட்டரை உதைத்தார்.

அப்புறம் நாங்கள் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய பம்பைத்தான் பார்த்தோம். மேடவாக்கத்தில் என் ஆபீஸ் நண்பர் வீடு கட்டி கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். சுற்றிலும் வயல், நடுவே சுண்ணாம்பு வாசனையோடு ஒரு வீடு. சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனோம். புதுப் பச்சைப் பெயிண்டில் ஒரு அடிபம்பு. தலையில் மூடி போட்ட கிண்ணம், குமிழ். வலப்பக்கத்தில்.

அவள் பழக்கம்போல இடப்பக்கம் போய் நின்றாள். குமிழ் எட்டவில்லை. எட்டி எட்டிப் பார்த்தாள். பின்னால் கை கழுவ நின்றிருந்த ஒரு பெண், "அந்தப் பக்கம் இல்லைக்கா, இந்தப் பக்கம் வந்து நில்லுங்க" என்றாள், உதவியாக. என் மனைவி நகர்ந்து வந்து நின்றாள். வலது கையால் அடித்தாள். தண்ணீர் வந்தது. கையைக் கழுவிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில் நான் ஜோக் அடிக்கப் பார்த்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்கே அது புதிது.

பாரிமுனை ஏஜெண்ட் திட்டவில்லை. அந்தக் கையெழுத்துத் தாளை வெளியில் எடுக்கக்கூட இல்லை. வழக்கு போடலாம், கொஞ்சம் இடம் இருக்கிறது என்று சொல்லி ஒரு வக்கீலிடம் அனுப்பினார். வழக்கு நடந்த வருஷங்களைச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். வாய்தா வாங்கிய கதை எல்லாருடைய வீட்டிலும் ஒன்று இருக்கும். அவள் கூண்டில் ஏற வேண்டிய நாள் ஒருவழியாக வந்தது. செங்கல்பட்டு ரயிலில் வக்கீல் எதிர் சீட்டில் உட்கார்ந்து அவளைத் தயார் செய்தார்.

"அம்மா, கேஸ் ஒரே கேள்வில நிக்குது. இடப்பக்கம்கிறது இந்தக் கண்டுபிடிப்புக்கு உயிரா, இல்ல சும்மா ஒரு விவரமா? உயிர்னு சொன்னீங்கன்னா முடிஞ்சுது. அவன் செஞ்சது வேற சாமான் ஆயிடும். சும்மா விவரம்தான்னு சொன்னா, பக்கத்தை மாத்தினாலும் எடுத்தது நம்ம சரக்குதான்னு நான் வாதாடலாம்."

"என்ன சொல்லணும்?"

"எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான்னு சொல்லணும். அவ்வளவுதான்."

வண்டலூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை அவள் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். இடது கை மடியில் கிடந்தது. அதன்மேல் வலது கையை வைத்திருந்தாள்.

கோர்ட்டில் பச்சைப் பம்பையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பட்டறைக்காரர் ஓரமாக நின்று எங்களுக்கு வணக்கம் வைத்தார். நானும் அனிச்சையாகத் திருப்பி வைத்துத் தொலைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாமலே கேட்டார்.

"டீச்சர், இடப்பக்கம்னு எழுதச் சொன்னது நீங்களா?"

"ஆமா."

"காரணம்?"

"நான் இடதுகைக்காரி."

"அப்போ இடப்பக்கம்கிறது உங்களுக்கு முக்கியம்."

அவள் எங்கள் வக்கீலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன முகத்தோடு உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் மாற்றியிருப்பேன்.

"இல்லை" என்றாள். "அது ஒரு பொருட்டே இல்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான்."

பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போலத் தெளிவாகச் சொன்னாள். ஜட்ஜ் வயதானவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்பப் பதமாகத்தான் கேட்டார்: "ஒண்ணுதான்னா அதை ஏம்மா எழுதினீங்க?"

அதற்கு இருந்த ஒரே பதிலைத்தான் சற்று முன்பு அவளே விட்டுக்கொடுத்திருந்தாளே.

தீர்ப்பில் அதையேதான் விரித்து எழுதியிருந்தார். வேலி எங்கே என்று ஊருக்குத் தெரிவிக்கத்தான் கோரிக்கை. பக்கத்து மனைக்காரர் அந்த வேலியைப் பார்த்து, நம்பி, தன் பக்கத்தில் கட்டிக்கொள்கிறார். பிறகு வந்து வேலியை நான் அங்கே நினைக்கவில்லை, இங்கே நினைத்தேன் என்று சொல்ல முடியாது. ஒருவர் தானாக விரும்பி எழுதிய வார்த்தையை வேண்டாத வார்த்தை என்று கோர்ட்டு தள்ள முடியாது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். எங்கள் முடிச்சூர் மனையில் பக்கத்துக்காரர் கல்லைத் தள்ளி நட்டபோது நானும் இதையேதான் கத்தினேன்.

தீர்ப்பு அன்று ஏஜெண்டும் வந்திருந்தார். படியில் இறங்கும்போது, "மனசுல வெச்சுக்காதீங்கம்மா. அந்த வார்த்தையை எழுதச் சொன்னது ஒண்ணும் குத்தம் இல்லை" என்றார்.

"தெரியும் சார்" என்றாள். "எழுதச் சொன்னதுல எனக்கு வருத்தம் இல்லை. கூண்டுல நின்னு அது ஒண்ணுமே இல்லைன்னு சொன்னேனே, அதான்."

மறுநாள் காலை வாசலில் கோலத்தைப் பார்த்துவிட்டு, வேலைக்காரம்மா யாரையாவது புதிதாகச் சேர்த்திருக்கிறாளோ என்று நினைத்தேன். கோடெல்லாம் நடுங்கியிருந்தது. புள்ளியைத் தொடாமலே சில வளைவுகள் கடந்து போயிருந்தன. வலது கையால் போட்டிருந்தாள். அன்று காய் நறுக்கியதும் வலது கை. வெண்டைக்காய் ஒன்று விரல் நீளம், ஒன்று நகம் அளவு. கரும்பலகையில் அவள் எழுதியது முதல் வகுப்புப் பிள்ளை எழுதியது மாதிரி இருந்ததாகவும், பெண்கள் முதலில் கிசுகிசுத்து, பிறகு பயந்துபோய்ப் பேசாமல் இருந்ததாகவும் பௌதிக டீச்சர் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

"என்ன புதுப் பழக்கம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுதானே" என்றாள்.

நான் செய்யாத கோமாளித்தனம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது கையால் சாப்பிட்டேன். முருங்கைக்காயோடு சாம்பார் சட்டைமேல் இறங்கியது. பழைய நாளாக இருந்தால் அவள் தரையில் உருண்டு சிரித்திருப்பாள். "கழட்டிக் குடுங்க, கறை ஆகறதுக்குள்ள ஊற வைக்கிறேன்" என்று கையை நீட்டினாள். வலது கையை. என் அம்மாவே பொறுக்காமல் ஒரு நாள் சொல்லிவிட்டார்: "உனக்கு வர்ற கையாலயே செய்யேன்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்." அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் காத்திருந்தாளோ. வந்தபோது அவளுக்கு அது தேவைப்படவில்லை.

பம்பு மட்டும் பாக்கி இருந்தது. கிண்ணம் இடப்பக்கமே இருந்ததால் வலது கையால் அடிக்க வேண்டுமானால் உடம்பை முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படித்தான் நின்றாள். படுக்கையிலிருந்தே எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தில் ஒரு விக்கல் இருக்கும். இடது கையின் சத்தம் வேறு. தையல் மிஷின் மாதிரி ஒரே சீராகப் போகும்.

ஒரு நாள் விடிகாலையில் அந்தத் தையல் மிஷின் சத்தம் கேட்டது. எழுந்து ஓடினேன். கொல்லைக் கதவைத் தாண்டியதும் பார்த்தேன். இடது கை கைப்பிடியில், வலது கை குடத்தின்மேல், தலைமுடி நெற்றியில் விழ, என்னென்னமோ முணுமுணுத்துக்கொண்டு பழையபடியே நின்றாள். அங்கேயே நின்றுவிட்டேன். ஆனால் காலடி கேட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தாள்.

டக்கென்று கையை மாற்றிக்கொண்டாள்.

மளிகைக் கடையில் மாற்றுவாளே, குருக்கள் முன்னால் மாற்றுவாளே, அதே மாற்றம். காபி டம்ளர் நாளுக்கு அப்புறம் அன்று வரை என்னைப் பார்த்து ஒரு தடவைகூட அவள் அதைச் செய்ததில்லை.

"தூங்கலையா?" என்றாள்.

"பல் தேய்க்க வந்தேன்" என்றேன்.

அதற்கப்புறம் நான் கொல்லைப் பக்கம் சீக்கிரம் போவதில்லை. தையல் மிஷின் சத்தம் கேட்கிற நாளில் போர்வைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பேன். வீட்டில் எப்போதும் சத்தமாகப் பேசிக்கொண்டே இருப்பவன் நான். இருமல் வந்தாலும் தலையணையில் அமுக்கிக்கொள்வேன். குடங்கள் நிறைகிறவரை அவளுக்கு யாரும் வேண்டாம். அவள் உள்ளே வந்த பிறகு கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து, இன்றைக்கு என்ன இவ்வளவு நேரம் தூங்கிவிட்டேன் என்று என்னையே நான் திட்டிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் பாதியில் எங்கள் தெருவில் தண்ணீர் கீழே கீழே போயிற்று. அடிபம்புக்கு எட்டவில்லை. எல்லாரும் ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்தார்கள், நாங்களும் வைத்தோம். பட்டறைக்காரரும் பம்பை விட்டுவிட்டு வேறு எதற்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கள் பேட்டண்டும் காலம் முடிவதற்கு முன்பே வருஷக் கட்டணம் கட்டாமல் கிடந்து காலாவதி ஆயிற்று. பழைய இரும்புக்காரர் வந்து எங்கள் பம்பைக் கிண்ணத்தோடு பிடுங்கிக்கொண்டு போனார்.

மோட்டாருக்கு ஒயர் இழுக்க வந்த எலெக்ட்ரீஷியன் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "சுவிட்ச் எந்தாண்ட வெக்கட்டும்க்கா, கதவுக்கு லெஃப்ட்லயா ரைட்லயா?" என்று கேட்டார்.

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான்" என்றாள்.

"லெஃப்ட்ல வைப்பா" என்றேன் நான்.

வைத்தார். அந்த வெள்ளை சுவிட்ச் இன்னும் அங்கேதான் இருக்கிறது. தினம் காலையில் அவள் அந்த வாசற்படியில் வந்து நிற்பாள். இடது கை சுவிட்சுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கும். வலது கையைக் குறுக்கே நீட்டி, எட்டி, அதைப் போடுவாள்.